கள்ளியைத் தின்ற பூச்சியும் சிற்றாற்றங்கரை உடைமரமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர் கேட்டபோது, "என்ன எழுதப் போறே? ஹாஸ்டல் சாம்பாரா, கிளாஸைக் கட் அடிச்சுட்டு ஐந்தருவிக்குப் போன கதையா?" என்று சிரித்தார். அவை இரண்டையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, நான் சிற்றாற்றங்கரையில் நிற்கிற முள்ளையும் புதரையும் பற்றி எழுதுகிறேன். தலைப்பைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த முள்ளுக்குள் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் பக்கத்து ஆட்கள் ஒருதரம் ஜெயித்தும் இருக்கிறார்கள்.

முதலில் ஆறு. குற்றால மலையில் பிறந்து பேரருவியாக விழுகிற சிற்றாறு, தென்காசியில் யானைப்பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போகிறது. வீரகேரளம்புதூர் அருகே அனுமன் நதி வந்து சேர்கிறது. பிறகு கங்கைகொண்டான் பக்கமாகப் போய், சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியில் கலக்கிறது. வழிநெடுக அணைக்கட்டுகள், ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய், கால்வாய்க்குக் குளங்கள், குளத்துக்கு வயல். ஆனி ஆடிச் சாரலில் வரும் தண்ணீர் கார் நெல்லுக்கு, ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் பிசானத்துக்கு என்பது நம் பாட்டன்மார் போட்ட கணக்கு. இந்த ஆற்றுக்குப் பெரிய அணை கிடையாது. வருகிற தண்ணீரை வருகிறபோதே பிடித்துக் குளத்தில் போட்டால்தான் உண்டு. கால்வாய் இரண்டு நாள் அடைத்துக் கிடந்தால் அந்த இரண்டு நாள் தண்ணீர் சீவலப்பேரியைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் மனுப் போட்டுப் பிரயோஜனமில்லை.

இப்போது கரையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். குற்றாலத்திலிருந்து மேலே ஏறினால் உண்ணிச்செடி. தென்காசிக்குக் கீழே ஆற்றுப் படுகையில் ஊதாப் பூவோடு நெய்வேலிக் காட்டாமணக்கு. தேங்கின தண்ணீரில் அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை. குளத்து உள்வாயிலும் கால்வாய்க் கரையிலும் சீமைக் கருவேலம். நம் ஊர்ப் பேச்சில் உடைமரம். தரிசில் பார்த்தீனியம். இந்த ஐந்துமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஐந்துக்கும் இங்கே இயற்கை எதிரி இல்லை. தன் ஊரில் ஆயிரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பயந்து ஒதுங்கி வளர்ந்த செடி, இங்கே வந்ததும் கேட்பாரில்லாமல் வளர்கிறது.

வெளிநாட்டுச் செடி என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் குற்றாலத்தில் ஒரு கடைக்காரர்கூட என்னை விடமாட்டார். சீசனில் அங்கே கூறு கட்டி விற்கிற மங்குஸ்தானும் ரம்புட்டானும் மலாய் நாட்டுப் பக்கத்துப் பழங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்களுக்குத் தோட்டம் போட்டது. சாரலும் மலை நிழலும் அவற்றுக்குப் பிடித்துப்போயின. 1830-களில் பாளையங்கோட்டையில் பணியிலிருந்த ராபர்ட் வைட் என்ற டாக்டர், குற்றாலத்துக்கு வந்து செடி செடியாகச் சேகரித்துப் படம் வரைவித்துப் புத்தகம் போட்டார். தென்னிந்தியத் தாவர இயலில் குற்றாலத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது அப்படித்தான். அந்த மங்குஸ்தான் இருநூறு வருஷத்தில் தோட்டத்து வேலியைத் தாண்டவில்லை. மிளகாயும் முந்திரியும் அப்படியே. வேலியைத் தாண்டுகிற ஜாதி வேறு. எது தாண்டும், எது தாண்டாது என்பதை நட்டவர்கள் யாரும் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இந்தச் சரித்திரம் முழுவதும் நடக்கிற வேடிக்கை.

அப்படித் தாண்டின முதல் பெரிய செடி சப்பாத்திக்கள்ளி. இளைய தலைமுறைக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். இன்றைக்குக் கள்ளி எங்கேயோ ஒரு மூலையில் பரிதாபமாக நிற்கிறது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் தென்மாவட்டங்களில் அதுதான் இன்றைய உடைமரம். புறம்போக்கு, தரிசு, ஓடைக்கரை, ஊர் எல்லை எல்லாம் கள்ளிப் புதர். உள்ளே பாம்பும் பன்றியும். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் வேர் விட்டு ஒரு செடியாகும். எரிக்கலாம் என்றால் ஈரம் பிடிக்காது. (சப்பாத்து என்றால் செருப்பு, போர்த்துகீசியர் கொடுத்த சொல். மடல் செருப்பின் அடி மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். ஓட்டலில் சாப்பிடுகிற சப்பாத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

கள்ளி இங்கே பெருகினதற்கு ஒரு காரணம் ஜவுளிச் சாயம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ராணுவச் சட்டைக்கும் சீமாட்டிகள் உடைக்கும் சிவப்புச் சாயம், கொச்சினீல் என்கிற பூச்சியை நசுக்கி எடுக்கப்பட்டது. அந்தப் பூச்சி கள்ளி மடலில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்து வாழ்வது. மெக்சிகோவில் மட்டும் கிடைத்ததால் அந்த வியாபாரம் ஸ்பெயின்காரன் கையில் இருந்தது. அதைக் கம்பெனி கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்னையில் கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆசைப்பட்டார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாப்பாடு தயார், சாப்பிட வேண்டியவர் வரவில்லை.

1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஏக சந்தோஷம். ஆனால் வந்தது மெக்சிகோவின் அசல் பூச்சி அல்ல. அதன் ஒன்றுவிட்ட தம்பி. சாயம் மட்டமாக இருந்தது. வியாபாரம் படுத்தது. ஆனால் அந்தத் தம்பிக்குப் பசி அதிகம். தோட்டத்துக் கள்ளியைத் தின்று முடித்து, வெளியே நின்ற கள்ளியையும் தின்ன ஆரம்பித்தது. வட இந்தியாவில் பல இடங்களில் ஒருவகைக் கள்ளி அநேகமாகக் காணாமலே போனது. நட்டத்தில் முடிந்த சாய வியாபாரத்தில் எதிர்பாராமல் கிடைத்த லாபம் இது. இதைக் கவனித்த யாரோ ஒரு புத்திசாலி அதிகாரி, அதே பூச்சியை 1836-38 வாக்கில் வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்கு வரவழைத்துக் கள்ளிமேல் விட்டார். களையை ஒழிக்க ஒரு பூச்சியைத் திட்டமிட்டு ஏவி வெற்றி கண்டதில் உலகத்திலேயே முதல் சம்பவம் இதுதான் என்று பூச்சியியல் புத்தகங்கள் குறிக்கின்றன. நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பாராவாவது கொடுத்திருக்கலாம்.

கதை அங்கே முடியவில்லை. அந்தப் பூச்சி தின்றது ஒருவகைக் கள்ளியை மட்டும். அது காலி செய்த இடத்தில் மஞ்சள் பூப் பூக்கிற இன்னொரு வகைக் கள்ளி குடியேறியது. பார்ப்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி. நம் கண்ணுக்குத்தான் அப்படி. பூச்சியின் வாய்க்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். பழைய பூச்சி இதைத் தொடவில்லை. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் கள்ளியின் இரண்டாவது ராஜ்ஜியம். கலெக்டர்கள் கூலி கொடுத்து வெட்டச் சொன்னார்கள், குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

இதே தொல்லை ஆஸ்திரேலியாவில் இதைவிடப் பல மடங்கு. அங்கே 1920-களில் சுமார் 6 கோடி ஏக்கரைக் கள்ளி பிடித்திருந்தது. பண்ணைக்காரர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். குயின்ஸ்லாந்து அரசு 1912-இல் இரண்டு விஞ்ஞானிகளை உலகம் சுற்றிப் பூச்சி தேட அனுப்பியது. அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, நம் பழைய பூச்சியையே எடுத்துப் போய் ஒரு கள்ளி இனத்தை அடக்கினார்கள். அதன் பிறகு 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுபோனார்கள். அது பத்து வருஷத்துக்குள் கள்ளிக் காட்டைக் கூழாக்கிவிட்டது. அந்தப் பூச்சியின் பெயரால் பூனார்கா என்ற ஊரில் ஒரு மண்டபமே கட்டி 1936-இல் திறந்தார்கள். பூச்சிக்கு மண்டபம் கட்டின ஜனங்கள் நன்றியுள்ளவர்கள்தான்.

நமக்கு உதவினது வேறொரு பூச்சி. வட அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு கொச்சினீல். ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து இலங்கை வந்து, 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. சுற்றிச் சுற்றி வந்தாலும் சரியான ஆள். மஞ்சள் பூக் கள்ளிக்கு ஏற்ற பூச்சி அதுதான். கோயம்புத்தூரில் வேளாண்மைத் துறையின் பூச்சியியலாராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண அய்யர் இந்தக் கள்ளிப் பூச்சிகளைப் பற்றி 1931-இல் கட்டுரை எழுதியிருக்கிறார். பூச்சி ஒட்டின மடலை வெட்டி, பூச்சி இல்லாத புதரில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மீதியைப் பூச்சி பார்த்துக்கொண்டது. சில வருஷங்களில் புதர் புதராகக் கள்ளி வாடிச் சரிந்தது. ஒரு தலைமுறையின் தலைவலி, மருந்தில்லாமல் யந்திரமில்லாமல் தீர்ந்தது.

சந்தேகமிருந்தால் இன்றைக்கும் சோதித்துப் பார்க்கலாம். எங்கேயாவது சப்பாத்திக்கள்ளி நின்றால் மடலைக் கவனியுங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஒரு குச்சியால் எடுத்து நசுக்குங்கள். ரத்தச் சிவப்பாக ஒட்டும். 1926-இல் வேலைக்குச் சேர்ந்தவர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

மற்றச் செடிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்ணிச்செடி 1809 வாக்கில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் பங்களா வேலியிலிருந்து மலைக்காட்டுக்குப் போனது. அதைத் தின்னும் பூச்சி நம் நாட்டிலேயே இருக்கிறதா என்று ஒய். ராமச்சந்திர ராவ் 1916 முதல் சில வருஷங்கள் இந்தியாவும் பர்மாவும் அலைந்து தேடினார். நூற்றுக்கு மேற்பட்ட பூச்சிகளைக் கணக்கெடுத்தார். உபயோகமாக ஒன்றும் தேறவில்லை. 1921-இல் ஹவாயிலிருந்து ஒரு ஈ வந்தது. 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சி வந்தது. உண்ணிச்செடி இரண்டையும் சமாளித்துவிட்டது. எல்லாக் களைக்கும் பூச்சி வைத்தியம் பலிக்காது என்பதற்கு அது சாட்சி.

ஆகாயத்தாமரை தென் அமெரிக்காச் சரக்கு. 1884-இல் நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சியில் அழகுப் பூவாக வைக்கப்பட்டதற்குப் பிறகு உலகெங்கும் பரவியது. வங்காளத்தில் நதிகளை அடைத்து, படகையும் நெல்லையும் கெடுத்து, 1936-இல் அதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. 1937 தேர்தலில் கட்சிகள் ஆகாயத்தாமரையை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்தன! முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே அதற்கு 'ஜெர்மன் பானா' என்று பெயர். 1950-களில் புனே பக்கத்தில் தலைகாட்டின பார்த்தீனியத்துக்குக் 'காங்கிரஸ் செடி' என்று பெயர். அந்தந்தக் காலத்தில் யார்மேல் கோபமோ அவர் பெயரைக் களைக்கு வைத்துவிடுவது நம் ஜனங்களின் வழக்கம் போலிருக்கிறது. ஆகாயத்தாமரைக்கு 1980-களின் தொடக்கத்தில் கூன்வண்டு கொண்டுவந்து பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். நல்ல பலன் இருந்தது. நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று ஒரு மிதக்கும் செடி வாய்க்காலை எல்லாம் அடைத்திருந்ததே, அதையும் ஒரு கூன்வண்டுதான் அடக்கியது.

இனி உடைமரம். "காமராஜர் காலத்துல ஆஸ்திரேலியாவுலேர்ந்து கொண்டுவந்தது" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். "வெள்ளைக்காரன் நம்மளைக் கெடுக்க ஹெலிகாப்டர்ல தூவுனான்" என்பாரும் உண்டு. உண்மை இரண்டுமில்லை. சென்னை மாகாணத்தின் வட பகுதி வனத்துறைக் காப்பாளராக இருந்த கர்னல் பெட்டோம் 1876-இல், வறண்ட இடத்தில் நடுவதற்கு இந்த மரத்தின் விதை வேண்டும் என்று வருவாய்த் துறைக்கு எழுதினார். விதை வந்து, கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் முதலில் நடப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டின அதே சமயம். பெட்டோம் சாமானிய ஆளல்ல. நம் நெல்லை மலைகளில் ஏறி இறங்கிப் பாம்பும் பல்லியும் பெரணியும் சேகரித்து, பெயர் வைத்து, படம் போட்டவர். செடிகொடியைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் அன்றைக்கு மாகாணத்தில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. அவருக்கே இது தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு விறகுத் தட்டுப்பாட்டுக்காக வறண்ட மாவட்டங்களில் அரசு இதை ஊக்குவித்தது உண்மை. அதையும் இன்றைய கண்ணால் பார்த்துக் குறை சொல்லுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேஸ் அடுப்பு வராத காலத்தில் ஏழை வீட்டு அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் இன்றைக்கும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, நிழலில் கட்டின மாடு மலடாகிவிடும் என்றெல்லாம் செல்போனில் சுற்றுகிற செய்திகளுக்கு ஆதாரம் கிடையாது. மரத்தைப் பிடிக்காது என்பதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையே போதும். தண்ணீர் தேடி ஆழமாக வேர் விடும். கீழே வேறு செடியை வளர விடாது. காய் இனிப்பு, ஆடும் மாடும் விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு, சாணத்தோடு விழுந்து, உரத்தோடேயே முளைக்கும். குளத்துக்குள் கிடை போட்டால் அடுத்த மழைக்குக் குளமெல்லாம் கன்று.

கென்யாவில் இதே மரத்தால் பாதிக்கப்பட்ட ஆட்டிடையர்கள், 2006-இல் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். சாட்சிக்கு நைரோபி கோர்ட்டுக்குக் கூட்டிப்போனது ஓர் ஆட்டை. காயைத் தின்று தின்று பல் விழுந்துபோன ஆடு.

நம் ஊர் வழக்கில் ஆடு வரவில்லை, வைகோ வந்தார். அவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும்படி கடுமையாக உத்தரவிட்டது. ஊர் ஊராக ஜே.சி.பி. இறங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னையில் இன்னோர் அமர்வு, இப்படி ஒட்டுமொத்தமாக வெட்டினால் சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆராயாமல் செய்யக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. பிறகு மறுபடி வழக்கு, மறுபடி உத்தரவு. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கும், அகற்றின இடத்தை மீட்டெடுப்பதற்கும் ஒரு கொள்கையையே வெளியிட்டது. 'மீட்டெடுப்பது' என்ற இரண்டாவது பாதி அதில் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

இதில் நம் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு. ஐந்தாவது செமஸ்டரில் மானிங் சூத்திரம் படித்திருப்பீர்கள். ராபர்ட் மானிங் என்ற அயர்லாந்து இன்ஜினியர் 1889-இல் கொடுத்தது. அதில் 'என்' என்று ஒரு எழுத்து வருமே, படுகையின் சொரசொரப்பு. சுத்தமான மண் ஆற்றுக்கு 0.03 என்று போடுவோம். புதரும் முள்ளும் அடர்ந்த படுகைக்கு வென் டீ சௌவின் புத்தகத்தில் 0.1-ஐத் தாண்டியும் போகிறது. பரீட்சையில் அது அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுகிற ஒரு நம்பர். ஆற்றில் அதன் அர்த்தம் வேறு. அதே ஆழம், அதே சரிவு, 'என்' மட்டும் 0.03-இலிருந்து 0.1 ஆனால், போகிற தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 'என்' வெறும் இரண்டு மடங்கானாலே, அகலமான ஆற்றில் 2 மீட்டர் ஆழத்தில் போய்விட வேண்டிய வெள்ளம் 3 மீட்டர் ஏறினால்தான் போகும். 2 மீட்டருக்குக் கட்டின கரை என்ன ஆகும்? 2023 டிசம்பர் 17, 18-இல் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மழைக்கு எந்த ஆறும் தாங்காது என்பது நியாயம். ஆனால் அதில் பாதி, கால்வாசி மழைக்கும் கரை உடைகிறதே, அந்தக் கணக்கில் புதருக்குப் பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் 'என்' தெரியாமலே அதைக் குறைத்து வைத்திருந்தார்கள். குடிமராமத்து என்று பெயர். ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓர் ஆள், நிலத்துக்கு ஏற்ற ஆள் என்று மண்வெட்டியோடு வந்து, தண்ணீர் வருவதற்கு முன்னால் கால்வாயைச் செதுக்கி, செடியை அறுத்து, கரையில் மண் போடுவார்கள். வராதவர் பணம் கட்ட வேண்டும். அப்புறம் பொதுப்பணித் துறை வந்தது. கம்பெனி ஆட்சி முடிந்த 1858-ஆம் வருஷமே குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கச் சென்னையில் ஒரு சட்டம் போட்டார்கள். வழக்கமாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சட்டம் தேவைப்படுகிறதென்றால் வழக்கம் அப்போதே தளர ஆரம்பித்துவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பல குளங்கள் அதனால் ஆழமாயின, சந்தோஷம். ஆனால் பழைய குடிமராமத்து வருஷா வருஷம் நடந்தது. இது எஸ்டிமேட் வந்த வருஷம் நடந்தது.

சிற்றாற்றுக் கால்வாய் ஒன்றின் கடைசிக் குளத்து ஆயக்கட்டுப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "உடையை வெட்டியாச்சுல்லா, இப்பம் தண்ணி வருதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வெட்டுனாம் வே. நல்லாத்தான் வெட்டுனான். வெட்டுனவன் அடுத்த வருஷமும் வரணும்லா? ஒத்த மரம் நின்ன எடத்துல இப்பம் பத்து நிக்கி. முந்தி ஊடே ஆடு போவும், இப்பம் ஆளும் போவ முடியல" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உடைமரத்தைத் தரையோடு வெட்டினால், மண்ணுக்குள் இருக்கிற அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளை வெடிக்கும். மண்ணைத் தோண்டி, வேரும் தண்டும் சேருகிற இடத்துக்குக் கீழே, முக்கால் அடி ஒரு அடி ஆழத்தில் அறுக்க வேண்டும். அல்லது கன்றாக இருக்கும்போதே ஈரத்தில் பிடுங்க வேண்டும். மண்ணில் கிடக்கிற விதை பல வருஷம் காத்திருந்து முளைக்கும். ஆகவே முதல் வருஷச் செலவு பெரிது, அடுத்த நாலைந்து வருஷச் செலவு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பெரும்பாலும் நிதி இருப்பதில்லை.

கரையில் வெட்டுவதில் இன்னொரு சங்கடம். குளத்து உள்வாயில் மரத்தைப் பெயர்த்தால் மண்தான் கிளறும். ஆற்றுக் கரையில் பெயர்த்தால் கரையே போகும். நான் பார்த்த ஒரு கால்வாயில் சித்திரையில் ஜே.சி.பி. வைத்து இரண்டு கரையையும் மொட்டை அடித்தார்கள். பார்க்க வெகு சுத்தம். போட்டோவும் எடுத்தார்கள். ஆனியில் தண்ணீர் வந்தது; வேர் இழுத்த பள்ளத்திலெல்லாம் புகுந்து அறுத்து, இரண்டு இடத்தில் கரையைத் தள்ளி, மண் முழுவதும் கால்வாய்க்குள்ளேயே படிந்தது. 'என்' குறைந்தது, கூடவே ஆழமும் குறைந்தது! கரையில் முன்பு மண்ணைப் பிடித்து நின்றவை நீர்மருது, நாவல், புங்கை, நொச்சி, தாழை, நாணல். அவை போன இடத்தில்தான் உடை வந்தது. உடையை எடுக்கிற அன்றைக்கே அவற்றைத் திரும்ப வைக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. முதல் கள்ளி போன இடத்துக்கு இரண்டாவது கள்ளி வந்த கதைதான்.

"அப்போ உடைமரத்துக்கும் ஒரு பூச்சி கொண்டுவரக் கூடாதா ஸார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. தென்னாப்பிரிக்காவில் 1980-களிலேயே விதையைத் தின்னும் வண்டை விட்டார்கள்; மரம் சாகாமல் விதை மட்டும் குறையட்டும் என்று. விறகும் நிழலும் வேண்டும், பரவவும் கூடாது என்ற இரண்டுங்கெட்டான் நிலைக்கு அது ஓர் ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் 1990-களில் இலையைத் தின்னும் ஒரு பூச்சியையும் விட்டார்கள். நம் நாட்டில் கரிமூட்டக்காரரின் பிழைப்பு ஒரு பக்கம் இருக்கிறது. ராஜஸ்தானத்தில் தெய்வமாகக் கும்பிடுகிற வன்னி மரம் உடைமரத்துக்கு நெருங்கின சொந்தம் என்பது இன்னொரு பக்கம். நம் சிவன் கோயில் சிலவற்றிலும் வன்னிதான் தலவிருட்சம். உடைக்கென்று விட்ட பூச்சி வன்னியில் வாய் வைத்தால்? கள்ளிக்கு இந்தியாவில் சொந்தக்காரர் யாருமில்லாததால் 1926-இல் அந்தக் கவலை இல்லாமல் போயிற்று. உடைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆகவே நம் காலத்தில் பூச்சியின் வேலையை ஆள்தான் செய்ய வேண்டும். அதுவும் பூச்சி மாதிரி விடாமல்.

இந்த முறை கூட்டத்துக்கு வரும் சிவில் நண்பர்களிடம் எனக்கு ஒரு யோசனை. தென்காசி யானைப்பாலத்திலிருந்து கீழே ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, 50 மீட்டருக்கு ஒன்றாக ஆற்றின் குறுக்கு வெட்டை அளந்து வைக்கலாம். மொத்தம் 21 குறுக்கு வெட்டு. ஆறு வற்றிக் கிடக்கும் மாசி பங்குனியில், இரண்டு லெவல், இரண்டு ஸ்டாஃப், பன்னிரண்டு மாணவர்கள் இருந்தால் இரண்டு நாள் வேலை. எங்கே எந்தச் செடி எவ்வளவு அகலத்துக்கு நிற்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துவிடலாம். சர்வே கேம்புக்கு எப்படியும் வெளியே போகத்தான் போகிறோம். வெறும் மைதானத்தை அளப்பதற்குப் பதில் இதை அளக்கலாம். வருஷா வருஷம் அதே 21 இடம். பெஞ்ச் மார்க்குக்குப் பாலத்தின் கல் இருக்கிறது. லெவல் துறையில் உண்டு. சாப்பாட்டுச் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது என்று நாலு பேரிடம் பேசியாயிற்று.